காயம் ஆறிய பின்பு தொடங்கும் வைத்தியம்



"தீக்காயம் ஆறிவிட்டது என்று எழுதுகிறீர்கள். அதற்குப் பின்னும் எட்டு மாதம், பத்து மாதம் அந்த நோயாளி வந்துபோகிறார் என்றும் எழுதுகிறீர்கள். ஆறின காயத்துக்கு வைத்தியம் எதற்கு?" என்று நமது அன்பர் சிலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரியாமல் நாங்களே ஒருமுறை தவறிப்போனோம். அதைச் சொல்லியே தொடங்குகிறோம்.

சில வருஷங்களுக்கு முன்பு, பட்டாசு ஆலையொன்றில் இரண்டு கைகளிலும் கழுத்திலும் தீக்காயம் பட்ட ஒரு தாய் எங்கள் வார்டில் இருந்தார். அவருடைய பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். ஆறு வாரங்களில் காயங்கள் மூடின. கட்டுகள் அவிழ்ந்தன. நாங்கள் கட்டிலருகே நின்று ஸ்தோத்திர ஜெபம் பண்ணி, "எல்லாம் நல்லபடியாக முடிந்தது அம்மா" என்று சொல்லி அனுப்பி வைத்தோம். மறுபடியும் வரவேண்டிய தேதிகளைச் செவிலியர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தேதிகள் எதற்கு என்று அந்த அம்மாளும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவர் வந்தபோது வலது கை விரல்கள் நடுக்கணுவில் மடங்கி, கோழிக்கால் போல இறுகியிருந்தன. கழுத்துத் தோல் வார்போல இழுத்து, முகவாயை மார்பை நோக்கிச் சாய்த்திருந்தது. "புண்ணு ஆறிருச்சு, எல்லாம் முடிஞ்சதுன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?" என்றார். குற்றஞ்சாட்டுகிற குரலில் அல்ல, சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டார். அதனாலேயே அந்த வார்த்தை எங்களை விட்டுப் போகவில்லை. காயம் மூடிய நாள் வைத்தியம் முடிகிற நாள் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். கையைப் பொறுத்தவரையில் அது வைத்தியத்தின் பாதி வழிகூட அல்ல என்பதைப் பிறகே கற்றுக்கொண்டோம். கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

அச்சங்குளமும் நமது வட்டாரமும்

நம்முடையது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த இந்த மண்ணில், 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலும், அதைத் தொடர்ந்து வந்த பட்டாசு, அச்சுத் தொழில்களும்தான் சிவகாசியையும் சுற்றுக் கிராமங்களையும் பிழைக்க வைத்தன. இவை கைகளால் நடக்கிற தொழில்கள். குழாய் சுருட்டுவதும், திரி வைப்பதும், மருந்து நிரப்புவதும், பெட்டி ஒட்டுவதும் விரல்களின் வேலை. இங்கே ஒரு குடும்பத்தின் ஆஸ்தி என்ன என்று கேட்டால், பல வீடுகளில் இரண்டு கைகளைத்தான் காட்டுவார்கள்.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துத் தரைமட்டமானது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அநேகர் காயப்பட்டார்கள். அதற்கு முன்பு 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இப்படிப்பட்ட நாட்களில் மாண்டவர்களின் எண்ணிக்கையைச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. சபைகளில் நாமும் அவர்களுக்காக ஜெபிக்கிறோம். அது தகும். ஆனால் தீக்காயத்தோடு பிழைத்தவர்கள் வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து, கதவைத் திறக்கவும் சோற்றைப் பிசையவும் முயன்று பார்க்கிற நாள் எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை.

திடீரென்று தீ எழும்பும்போது மனிதன் முதலில் செய்வது கைகளால் முகத்தை மறைப்பது. ஆகையால் தீக்காயம் பட்டவர்களில் பலருக்குப் புறங்கை வெந்திருக்கும். விரல்களோடு சேர்ந்த உள்ளங்கையின் பரப்பு உடம்பின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதந்தான். கேஸ் சீட்டில் அது சிறிய எண். வீட்டிலோ சமையலும் குளியலும் சம்பளமும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன.

ஆறின தோல் ஏன் முடக்குகிறது?

தீக்காயம் மேலாக இருந்து இரண்டு, மூன்று வாரங்களுக்குள் ஆறிவிட்டால் பெரும்பாலும் தழும்பு குறைவு. ஆழமாக வெந்து, அதைவிட அதிக நாட்கள் எடுத்து ஆறுகிற இடத்தில்தான் தடித்த தழும்பு உண்டாகிறது. காயத்தை மூடுவதற்காக உடம்பு அங்கே புதிய தசைநார்ப் பொருளை நெய்கிறது. அப்படி நெய்கிற உயிரணுக்களில் ஒரு வகைக்குச் சுருங்கும் சக்தி உண்டு. காயத்தின் ஓரங்களை ஒன்றையொன்று நோக்கி இழுத்துக் காயத்தைச் சிறிதாக்குவது அவற்றின் வேலை. இது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. ஆனால் காயத்தின் வாய் மூடியதும் அந்த இழுப்பு நின்றுவிடுவதில்லை. மாதக்கணக்கில் தொடர்கிறது. தழும்பு முதிர்ந்து, சிவப்பு மாறி, மெத்தென்று ஆவதற்கு ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகும். அதற்குள் மூட்டுகளின் மேலுள்ள தோல் சுருங்கினால் மூட்டும் அதன் பின்னே போகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வலிக்கிற கையை நாம் இயல்பாக எப்படி வைத்துக்கொள்கிறோம்? மணிக்கட்டைத் தொங்கவிட்டு, விரல்களைச் சற்று மடக்கி, மார்போடு அணைத்துக்கொள்கிறோம். வெந்த கழுத்தைக் குனிந்து வைத்துக்கொள்கிறோம். அப்படி வைத்தால் வலி குறையும். ஆனால் சுகமாக இருக்கிற அந்த நிலையே பின்னாளில் முடக்கமாக நிலைத்துவிடுகிற நிலை. எங்கள் வார்டில் புதிதாகச் சேரும் செவிலியருக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் இதுவும் ஒன்று.

செயல்முறை மருத்துவம் என்பது என்ன?

இந்த இழுப்புக்கு எதிராக மாதக்கணக்கில் நோயாளியோடு நிற்கிறவர்களில் ஒருவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தமிழில் செயல்முறை மருத்துவம் என்றும், தொழில்வழி மருத்துவம் என்றும் இத்துறையைச் சொல்கிறார்கள். மருத்துவமனைக்குள் சுருக்கமாக "ஓ.டி." என்போம். "நாளைக்கு ஓ.டி.க்குப் போங்க" என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்து, சாப்பிடாமல் வந்து உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு! நமது பக்கத்தில் மருந்து என்றாலே பட்டாசு மருந்துதான் பலருக்கு முதலில் ஞாபகம் வரும். இந்த மருத்துவத்திலோ எந்த மருந்தும் இல்லை. மனிதன் அன்றாடம் செய்கிற வேலைதான் இங்கே மருந்து.

இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், மூட்டுகளையும் தசைகளையும் அசைத்துப் பலப்படுத்துகிறார். செயல்முறை மருத்துவரும் அதைச் செய்வார். ஆனால் அவருடைய கேள்வி வேறு. "விரல் எவ்வளவு மடங்குகிறது?" என்பதோடு நிற்காமல், "அந்த விரலைக் கொண்டு நீங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார். தொழில் என்றால் சம்பள வேலை மாத்திரம் அல்ல. பல் துலக்குவது, சேலைக் கொசுவம் மடிப்பது, பிள்ளைக்குத் தலை பின்னுவது, கோலம் போடுவது, வேதாகமத்தின் தாளைப் புரட்டுவது ஆகிய யாவும் இதில் அடங்கும்.

இத்துறைக்கு இந்தப் பெயரோடு ஒரு சங்கம் முதன்முதலாக அமைந்தது 1917-இல், அமெரிக்காவில். அதைக் கூட்டிய ஜார்ஜ் பார்ட்டன் கட்டிடக் கலைஞர். தம் உடம்பின் இடது பக்கம் செயலிழந்தபோது, வேலை செய்வதன் மூலமே தேறி வந்தவர். இந்தியாவில், அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் அம்மையார் 1950-இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். 2021-இல் நிறைவேறிய மருத்துவத் துணைத் தொழிலாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் இத்துறையும் இடம்பெற்றிருக்கிறது.

வேலூரில் கற்ற பாடம்

மிஷன் மருத்துவமனைகளை ஆதரிக்கும் நமக்கு இதில் சொந்தமான ஒரு சரித்திரமும் உண்டு. கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று காட்டினார். ஆனால் நிமிர்ந்த கையோடு போனவர்களில் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். முடங்கின கையைப் பார்த்துப் பிச்சையிட்டவர்கள் இப்போது இடுவதில்லை. தொழுநோயாளி என்று வேலை கொடுப்பாரும் இல்லை. கை நேரானது, அந்தக் கைக்குச் செய்ய வேலை இல்லை! இதை உணர்ந்தே 1950-களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை அங்கே அமைத்து, தச்சு போன்ற கைத்தொழில்களைக் கற்பித்தார்கள். உணர்ச்சியற்ற விரல்கள் எந்த வேலையில், எப்படிக் காயப்படுகின்றன என்பதைக் கூடவே இருந்து கவனித்து, கருவிகளையும் வேலை செய்யும் முறையையும் அதற்கேற்ப மாற்றினார்கள்.

அதே வேலூரில், 1954-இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து அத்துறையை நடத்தினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. நோயைக் குணமாக்குவது ஒன்று, மனிதரை அவருடைய வேலைக்கும் வீட்டுக்கும் திரும்பச் சேர்ப்பது வேறொன்று என்பதை இவ்விருவரின் பணியும் நமக்குக் கற்பிக்கிறது.

முதலில் மதிப்பீடு

இனி அந்தத் தாயின் காரியத்துக்கு வருவோம். அவர் திரும்பி வந்த அன்று எங்கள் செயல்முறை மருத்துவர், வயதில் இளைய பெண், அவரைத் தம் மேஜையருகே உட்கார வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நாங்களும் ஒரு ஓரத்தில் இருந்தோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, உங்களுக்கு வலது கைப் பழக்கமா, இடது கைப் பழக்கமா?" என்பது. சுவிசேஷத்தில் சூம்பின கையையுடைய மனுஷனைப்பற்றி மூன்று பேர் எழுதியிருந்தும், அது வலது கை என்று குறித்து வைத்தவர் வைத்தியனாகிய லூக்கா மாத்திரமே. அது அப்போது எங்கள் ஞாபகத்துக்கு வந்தது.

அதன்பின் அளவுகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை மடங்குகிறது, எத்தனை பாகை நிமிர்கிறது என்பதைக் கோணமானியால் அளந்தார். பிடியின் வலுவைக் கிலோ கணக்கில் காட்டும் கருவியை அழுத்தச் சொன்னார். மெல்லிய நைலான் இழைகளால் விரல் நுனிகளைத் தொட்டு எங்கே உணர்ச்சி இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்தார். தழும்பின் நிறம், தடிப்பு, மென்மை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற காரியங்களில் எதைத் தாமாகச் செய்கிறார், எதற்குத் துணை வேண்டும் என்பதையும் பட்டியலிட்டார்.

கடைசியாகக் கேட்ட கேள்விதான் முக்கியமானது. "செய்ய முடியாமல் போனதில் எது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" கனடா நாட்டில் உருவாகி 1990-களின் தொடக்கத்திலிருந்து பல தேசங்களில் வழங்கும் ஒரு மதிப்பீட்டு முறை இது. நோயாளியே தமக்கு முக்கியமான காரியங்களில் ஐந்துவரை தெரிந்தெடுப்பார். ஒவ்வொன்றையும் இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுப்பார். சில மாதங்கள் சென்ற பின் அதே கேள்விகளை மறுபடியும் கேட்டு, இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

"ஆலை வேலை" என்பார் என்றே நாங்கள் எதிர்பார்த்தோம். அவரோ, "பிள்ளைக்குத் தலை பின்னிவிட முடியலை. பக்கத்து வீட்டுல போய் நிக்குது" என்றார். இரண்டாவதாக, தம் கையால் சோறு பிசைந்து சாப்பிடுவது. மூன்றாவதாக, அடுப்புப் பற்றவைப்பது. கை முடியாததால் மாத்திரம் அல்ல, தீக்குச்சி உரசும் சத்தமே அவருக்கு நடுக்கம் கொடுத்தது. சம்பள வேலையை நான்காவதாகத்தான் சொன்னார். 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் ஒன்றின் இழப்பைச் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீத இழப்பு என்று மதிப்பிட்டிருந்தது. இழப்பீடு வழங்க அப்படியொரு கணக்கு வேண்டும். ஆனால் பிள்ளையின் தலைப்பின்னல் எந்த அட்டவணையிலும் இல்லை. அதைக் கேட்டு எழுதிக்கொள்வதே இந்த மதிப்பீட்டின் சிறப்பு.

பிறகு சிகிச்சை

தீக்காயத்துக்கான செயல்முறை மருத்துவம் உண்மையில் முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும். வீக்கம் வடிய, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைக்கிறார்கள். புறங்கை வெந்திருந்தால் மணிக்கட்டைச் சற்று மேல்நோக்கி நிமிர்த்தி, விரல்களை அடிக்கணுவில் மடக்கி, மற்றக் கணுக்களை நேராக்கி, கட்டைவிரலை விலக்கி வைக்கும் ஓர் அணைப்பட்டையைக் கட்டுகிறார்கள். இதை ஸ்பிளிண்ட் என்பார்கள். வெந்நீரில் இளகிக் கையின் வடிவத்துக்குப் படிந்துகொள்ளும் ஒருவகைப் பிளாஸ்டிக் தகட்டால் செய்வதுண்டு. அது இல்லாத இடத்தில் மாவுக்கட்டே போதும். உள்ளங்கை வெந்திருந்தால் நிலை வேறு. கை விரிந்திருக்கும்படி கட்டுவார்கள். கழுத்து வெந்தவர்களுக்குத் தலையணை கொடுப்பதில்லை. அக்குள் வெந்தவர்களின் புயத்தை விலாவை விட்டு விலக்கி நீட்டி வைப்பார்கள்.

பகலில் அணைப்பட்டையைக் கழற்றி, மணிக்கு ஒருமுறை சில நிமிஷம் விரல்களை அசைக்க வேண்டும். நாளுக்கு ஒருதரம் நெடுநேரம் வருத்துவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி செய்வதே நல்லது. காயம் மூடி, தோல் தாங்கும் நிலை வந்ததும், அளவெடுத்துத் தைத்த இறுக்கமான அழுத்த உறை கொடுக்கிறார்கள். நாளில் ஏறக்குறைய 23 மணி நேரம், தழும்பு முதிரும் வரை அதைப் போட்டிருக்கச் சொல்வார்கள். துவைத்து மாற்ற இரண்டு ஜோடி வேண்டும். விருதுநகர் வெயிலில் இது எவ்வளவு பாடு என்பதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். தழும்பில் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். ஒட்டுப்போட்ட தோலில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் இல்லாததால், தினமும் எண்ணெய் தடவி மெதுவாக அழுத்தித் தேய்க்க வேண்டும்.

அந்தத் தாய்க்குக் காலம் கடந்துவிட்டிருந்தபடியால் முதலில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இறுகின தழும்பை வெட்டித் தளர்த்தி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டு பிடித்தபின் அணைப்பட்டை, அசைவு, அழுத்த உறை எல்லாம் முதலிலிருந்து தொடங்கின. இம்முறை தேதிகள் எதற்கு என்று அவருக்கும் தெரிந்திருந்தது, எங்களுக்கும் தெரிந்திருந்தது.

இதன்பின் நடந்ததுதான் செயல்முறை மருத்துவத்தின் உள்ளான பகுதி. ஒரு வேலையை அதன் சிறு அசைவுகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள். தலை பின்னுவதற்கு என்ன வேண்டும்? இரண்டு கையும் தோள் மட்டத்தில் நிற்க வேண்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒரு கால் முடியைப் பிடித்திருக்க, மற்ற விரல்கள் அடுத்த காலை எடுக்க வேண்டும். பிடியை விடவும் தெரிய வேண்டும். ஆகவே முதல் வாரங்களில் சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுத்தார்கள். முதலில் தளர்ந்த மாவு, பிறகு கெட்டி மாவு. அடுத்தது மேஜையில் கட்டிய தடித்த கயிறு மூன்றைப் பின்னுவது. பிறகு துணி நாடா, பிறகு நூல். மாவை விரலிடுக்கில் எடுத்துக் கோலப் புள்ளி வைப்பதும், பூக்கட்டுவதும் இடையிடையே நடந்தன. எளிதிலிருந்து கடினத்துக்கு, பெரிதிலிருந்து சிறிதுக்கு என்று படிப்படியாகக் கூட்டுவது இதில் ஒரு விதி.

திரும்ப வராத பலத்துக்கு வேறு வழி காண்பது இன்னொரு விதி. கரண்டிப் பிடியிலும் கத்திப் பிடியிலும் துணி சுற்றித் தடிப்பாக்கினார்கள். சேலைக் கொசுவத்தை முன்னதாகவே மடித்துத் தைத்துக் கொடுத்தார்கள். இடுப்பில் குடம் எடுப்பதற்குப் பதிலாகச் சிறு வாளியில் பாதிப் பாதியாக எடுக்கச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்து, கதவின் தாழ்ப்பாளை அவர் விரல் பிடிக்கும் உயரத்துக்கும் வடிவத்துக்கும் மாற்றச் சொன்னார்கள்.

தீயைப்பற்றிய பயத்துக்கும் அப்படியே படிகள் இருந்தன. முதலில் வேறொருவர் அடுப்பைப் பற்றவைக்கும்போது வாசற்படியில் நிற்பது. சில நாள் கழித்து அருகே நிற்பது. பிறகு நீளமான லைட்டரைத் தாமே பிடிப்பது. இதில் அவசரப்படுத்துவதில்லை. "இன்னைக்கு வேண்டாம் டாக்டரம்மா" என்று அவர் சொன்ன நாட்களும் உண்டு. அன்று மாவு மட்டும் பிசைந்துவிட்டுப் போனார்.

வீட்டாரும் சபையாரும் அறியவேண்டியது

நோயாளிகளைச் சந்திக்கப் போகும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் வாலிபருக்கும் இவற்றைச் சொல்லிவைக்க விரும்புகிறோம். நம்முடைய அன்பு சில சமயங்களில் கையை முடக்கிவிடுகிறது.

கழுத்து வெந்தவருக்கு, வசதியாக இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து தலையணை கொண்டுபோகாதிருங்கள். "வலிக்குதே" என்று அணைப்பட்டையை அவிழ்த்துவிடாதிருங்கள். அது உண்மையிலேயே அழுத்திப் புண்ணாக்கினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊட்டிவிடுவதற்கு முன், தாமாக உண்ணச் சொல்லி மருத்துவர் சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். தாமே உண்ண அரை மணி நேரம் ஆனாலும், பாதி சிந்தினாலும், பொறுமையாக அருகே உட்கார்ந்திருப்பது பெரிய உதவி. ஆறின தோலை உச்சி வெயிலில் காட்டாதிருக்க நினைவூட்டுங்கள். பிள்ளைகளுக்குத் தீக்காயம் பட்டிருந்தால், அவர்கள் வளரும்போது தழும்பு கூடவே வளராது என்பதால், வளர்ச்சி முடியும்வரை காட்டிவர வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

முக்கியமாக, காயம் ஆறிய பின்பும் போய்ப் பாருங்கள். வார்டில் இருக்கும்போது பார்வையாளர் பலர் வருவார்கள். மூன்றாம் மாதத்தில் யாரும் வருவதில்லை. பஸ்ஸுக்கும் ஒரு நாள் கூலிக்கும் யோசித்து, நோயாளி வருவதை நிறுத்திவிடுவது அந்த மாதத்தில்தான். அடுத்த தேதி எது என்று கேட்டு, அன்று ஒருவர் துணைக்குப் போனாலே ஒரு கை காப்பாற்றப்படக்கூடும்.

இன்று அந்தத் தாய்

அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் முழுவதும் மடங்குவதில்லை. கழுத்தில் தழும்பு தெரிகிறது. முதல் ஐந்து மாதத்தை அவருக்குத் திரும்பக் கொடுக்க ஒருவராலும் கூடவில்லை. சோற்றைத் தம் கையால் உண்கிறார். அடுப்பைத் தாமே பற்றவைக்கிறார். தீபாவளி அன்று மாத்திரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதாகச் சொன்னார்.

மறுபடியும் ஆலைக்குப் போவதா என்ற கேள்விக்கு நாங்கள் விடை சொல்லவில்லை. செயல்முறை மருத்துவரும் சொல்லவில்லை. கையால் என்ன முடியும், எது ஆபத்து என்பதை அவர் எடுத்துரைத்தார். தெரிந்தெடுக்கும் பொறுப்பு அந்தத் தாயினுடையது, ஏனெனில் வீட்டுக் கணக்கு அவருக்குத்தான் தெரியும். இப்போது வீட்டிலிருந்தே காகிதப் பை ஒட்டுகிறார். கூலி முன்பைவிடக் குறைவு.

கடைசியாக வந்தபோது மகளையும் அழைத்துவந்திருந்தார். பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டியிருந்தாள் சிறுமி. ஒரு பின்னல் மற்றதைவிடச் சற்றுத் தளர்வாக இருந்தது. "இது வலது கை போட்டது ஐயா" என்று அந்தத் தாய் அதைத் தொட்டுக் காட்டினார். மருத்துவர் தம் பழைய தாளை எடுத்து, தலை பின்னுவதற்கு இப்போது எத்தனை மதிப்பெண் என்று கேட்டார். முதல் நாளில் அவர் 1 என்று சொல்லியிருந்தார். இப்போது சற்று யோசித்து, "ஏழு போட்டுக்கங்க" என்றார்.

நாங்கள் அன்றும் ஸ்தோத்திரம் பண்ணினோம். அதற்கு முன்பாக, அடுத்த தேதி என்றைக்கு என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டோம்.

இங்ஙனம்,
கிறிஸ்துவின் அன்பில்,
மருத்துவமனைச் சிற்றாலயப் பணியிலிருந்து